ஆலாத் திட்டில் வைத்த ஓடுகள்

டங் என்று ஒரு சத்தம். அடுத்த நொடி திட்டிலிருந்த ஆலாப் பறவைகள் மொத்தமும் மேலே கிளம்பிவிட்டன. மணலில் முட்டைகள் திறந்து கிடந்தன. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

விருத்தாசலத்தில் பீங்கான் ஃபேக்டரி செக்கிங்கில் இருந்த எனக்கு, கடல் நடுவே ஆளில்லாத மணல்திட்டில் என்ன வேலை? ஓர் ஆர்டர்தான். பறவை ஆராய்ச்சி செய்யும் மேடம் ஒருவர், ஆலாக் குஞ்சுகள் வெயிலில் சாகின்றன, நிழலுக்கு ஓடு செய்து கொடுங்கள் என்று கேட்டிருந்தார். குழாயை நெடுக்கில் பாதியாக அறுத்த வடிவம், அறுபது உருப்படி. பளபளத்தால் பறவை மிரளும் என்று கிளேஸ் பூச்சு போடவில்லை. வைத்துக் கொடுக்க நானும் சூளை மேஸ்திரி கொளஞ்சியும் போனோம்.

படகில் ஏறும்போதே எனக்குக் கவலை. படகுக்காரரோடு ஆள் நாலு, லைஃப் ஜாக்கெட் மூன்று. இரண்டு தடவை எண்ணினேன்.

"நீங்க போட்டுக்குங்க சார்" என்றார் கொளஞ்சி. "நான் முழுவிட்டா சூளைக்கு வேற ஆளு வருவான். நீங்க முழுவிட்டா யாரு எண்ணுறது?"

மேடம் கொடி நட்டிருந்த இடங்களில் குனிந்தபடியே ஓடுகளை வைத்துக்கொண்டு போனோம். பக்கத்துப் பறவைகள் மட்டும் எழும்பி, உடனே உட்கார்ந்துகொண்டன. முப்பத்தெட்டாவது ஓட்டை வைத்ததும் கொளஞ்சி இடுப்புச் சாவியை எடுத்துத் தட்டிவிட்டார். தட்டிப் பார்க்காமல் எந்தச் சரக்கையும் நாங்கள் கையைவிட்டு அனுப்புவதில்லை. டங் என்றால் நல்லது, டப் என்றால் விரிசல். படகு ஆடியதில் அடிபட்டிருக்குமோ என்று அவருக்குச் சந்தேகம்.

"இன்னா மேஸ்திரி இது!" என்றேன்.

மேடம் கத்தவில்லை. "எல்லாரும் படகுக்கு வாங்க. ஓடாதீங்க. நாம இங்க நின்னா அதுங்க எறங்காது, முட்டை வெந்துடும்."

தள்ளிப் போய் இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம்.

"வரலன்னா இன்னா சார் பண்றது?" என்றார் கொளஞ்சி. நான் பறவைகள் இறங்குவதை எண்ணினேன். ஒன்று. வெகுநேரம் அந்த ஒன்றுதான். பிறகு நாலு, பதினொன்று. அப்புறம் வெள்ளை வேட்டியை உதறி விரித்த மாதிரி மொத்தமும் இறங்கின. எண்ண முடியவில்லை. மேடத்தின் பைனாகுலரை வாங்கிப் பார்த்த கொளஞ்சி, "குஞ்சு ஒண்ணு உள்ள பூந்துச்சு சார், நம்ம ஓட்டுக்குள்ள!" என்றார்.

எனக்கு உறுத்தியது வேறு. "இன்னும் இருபத்திரண்டு இருக்குதே மேடம். மெதுவா போய் வச்சுட்டு வந்துடலாமா?"

மேடம் வாய் திறப்பதற்குள் கொளஞ்சி என் கையைப் பிடித்தார். "வேணாங்க சார். இப்பதான் வூடு வந்து சேந்துதுங்க."

ஃபேக்டரி கேட்டில் மேனேஜர், மீதி ஓடுகளோடு திரும்பிய லாரியை எட்டிப் பார்த்தார். "இன்னாய்யா, ரிஜெக்டா?"

"சரக்கு நல்ல சரக்குங்க. அங்க எடம் ரொம்பிடுச்சு" என்றார் கொளஞ்சி.

திட்டில் எவ்வளவோ மணல் காலியாகக் கிடந்தது. ஆமாம் என்று நானும் தலையாட்டினேன். அந்த இருபத்திரண்டு ஓடும் வெகுகாலம் யார்டு ஓரத்தில் இருந்தன. கடக்கும்போதெல்லாம் எண்ணுவேன். ஆர்டரில் குறை என்று ஒருநாளும் தோன்றியதில்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது இதுதான்: எங்கே நிறுத்துவது என்று தெரிவதும் வேலைதான்.