வழியில் நிற்காத கார்

அடிபட்ட கார்களுக்குச் சாவுச் சான்றிதழ் எழுதுவதுதான் அவருடைய தொழில். இன்சூரன்ஸ் கம்பெனியில் சேத மதிப்பீட்டாளர். நசுங்கிய வண்டியை ஒருமுறை சுற்றி வருவார். பேனாவின் பின்பக்கத்தால் கதவை நாலு தட்டுத் தட்டுவார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "ரிப்பேர் செலவு வண்டி விலையைத் தாண்டுது. இதைக் கட்டிக்கிட்டு அழறதுல அர்த்தமில்ல. விட்டுடுங்க" என்பார். உரிமையாளர் கண்கலங்கினால் பார்வையைப் படிவத்துக்குத் திருப்பிக்கொள்வார். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தடவை கூட அந்தக் கை நடுங்கியதில்லை.

அப்பேர்ப்பட்ட மனிதர்தான் பதினேழு வயதான ஒரு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். ஆறு சிலிண்டர், இரட்டை டர்போ, கருநீலம். புதிதாக வந்த காலத்தில் டாக்டர்களும் வக்கீல்களும் வாங்கிய வண்டி; இன்றைக்கு அதன் விலை ஒரு புதுக் குட்டிக் காரின் விலையில் பாதி.

"பாதி விலைக்கு சொர்க்கம்!" என்றார் மனைவியிடம்.

அவள் மருத்துவமனையில் எக்ஸ்ரே பிரிவில் வேலை பார்க்கிறவள். "வெளிப்பக்கம் நல்லாத்தான் இருக்கு. உள்ள என்ன இருக்கோ, படம் எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

படம் எடுக்க அவசியமே வரவில்லை. உள்ளே இருந்தவை ஒவ்வொன்றாகத் தாமே வெளியே வந்தன. அந்த வண்டிக்கு முன் டயர் ஒரு அளவு, பின் டயர் வேறு அளவு. இதை அங்கே மாற்றிப் போட்டு ஓட்டலாம் என்ற ஏழைத் தந்திரமெல்லாம் பலிக்காது. சாதாரண பெட்ரோலை ஊற்றினால் முகத்தைச் சுளிக்கும். பிரேக் தகடு நாலும் மாற்றிய மாதம் வீட்டில் யாருக்கும் புதுச் செருப்பு இல்லை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அந்தச் சுமைகூலிதான். இதில் அவருக்குக் கடைசிவரை விளங்காத சங்கதி ஒன்று உண்டு. வயதாக ஆக வண்டியின் விலைதான் இறங்கியிருந்தது. உதிரிபாகங்களுக்கு வயதே ஆகவில்லை. அன்றைக்கு டாக்டரிடம் சொன்ன விலையைத்தான், கொஞ்சம் ஏற்றி, இன்றைக்கு இவரிடமும் சொன்னார்கள். ஊரான் வண்டி என்றால் ஒரே பார்வையில் சொல்லியிருப்பார்: விட்டுடுங்க.

அலுவலகத்தில் அவருக்கு 'டர்போ' என்று பெயர் வைத்தார்கள். அவர் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

மெக்கானிக் நல்லவன். திருடத் தெரியாதவன். அவனிடம் இருந்தது ஒரே ஒரு வாக்கியம்தான். ஆயில் கசிகிறது என்று கொண்டுபோய் விட்டால் மறுநாள் போன் வரும்.

"சார், கேஸ்கெட் மாத்தியாச்சு. பிரிச்சதுதான் பிரிச்சோம், பக்கத்துல இருக்கற குழாயும் வெடிச்சுப் போயிருக்கு. அதையும் பார்த்துடலாமா?"

"பார்த்துடு."

"குழாயைக் கழட்டினா சென்சார் கைக்கு வருது சார். பிரிச்சதுதான் பிரிச்சோம்…"

"சரி, அதையும்."

கடைசித் தடவை இப்படிப் பிரித்ததைத் திரும்பப் பூட்டிக் கொடுக்க நாலு மாதம் ஆயிற்று. அந்த நாலு மாதமும் மனைவியின் சின்னக் காரை அவர் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார். ஒன்பது வருடமாக ஆயிலைத் தவிர வேறெதையும் கேட்டறியாத வெள்ளை வண்டி. அதை அவர் 'டப்பா' என்பார். டப்பாவில் அவர் குளுகுளு என்று போக, டப்பாவின் சொந்தக்காரி இரண்டு பஸ் மாறி ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அந்தச் சமயத்தில்தான் அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கிற ஒரு பெரிய மருத்துவமனையில் எக்ஸ்ரே பிரிவுக்குத் தலைமைப் பொறுப்பு. காலை பதினோரு மணிக்கு நேர்முகத் தேர்வு. பதினான்கு வருடமாக அடுத்தவர் கையெழுத்துக்குக் காத்திருந்தவள். கடிதத்தை இரண்டாக மடித்துக் கைப்பைக்குள் வைத்து, ஒரு நாளில் ஏழெட்டு தடவை எடுத்துப் பார்த்தாள்.

"என் வண்டியிலயே போயிட்டு வந்துடறேன்" என்றாள்.

"டப்பாவுலயா? தலைமைப் பதவிக்குப் போறவ டப்பாவுலேர்ந்து இறங்கினா யாரும்மா மதிப்பாங்க? நம்ம வண்டி நேத்துதான் வந்திருக்கு, ராஜா மாதிரி. நானே கொண்டுபோய் விடறேன்."

"ராஜா பாதி வழியில படுத்துட்டா?"

"படுக்காது."

"படுத்தா வித்துடணும். சம்மதமா?"

அவர் நெஞ்சை நிமிர்த்தினார். வாய்ப்பேச்சு அவர் தொழிலில் செல்லாது. காகிதம் எடுத்து, சேத அறிக்கை எழுதுகிற கையாலேயே எழுதினார்: 'வாசலில் புறப்பட்டு மருத்துவமனையை அடையும் முன் எக்காரணம் கொண்டும் வண்டி வழியில் நின்றால், அதை விற்றுவிடச் சம்மதிக்கிறேன்.' கையெழுத்து, தேதி. 'எக்காரணம் கொண்டும்' என்பதன் கீழே ஒரு கோடு வேறு. அவள் அதை வாங்கிக் கடிதத்தோடு வைத்துக்கொண்டாள். கூடவே வழியில் ஓடும் பஸ்களின் நேரப்பட்டியலையும் எடுத்துவைத்தாள். அது அவருக்குத் தெரியாது.

காலை ஏழு மணிக்குப் புறப்பட்டார்கள். இரண்டு மணி நேரம் வண்டி உண்மையிலேயே ராஜாவாகத்தான் ஓடியது. மேட்டில் உறுமியபோது அவர் ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தார். அவள் கேள்விகளை மனதுக்குள் ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

சாலை வேலை நடந்த இடத்தில் வண்டிகள் ஊர்ந்தன. வெயில் ஏறியது. சூட்டைக் காட்டும் முள்ளும் ஏறியது. அவர் முகத்திலிருந்து சிரிப்பு மட்டும் இறங்கியது.

"என்னங்க, அந்த முள் எதுக்கு சிவப்பு பக்கம் போகுது?"

"சும்மா எட்டிப் பாக்குது."

"ஓரமா நிறுத்துங்க. அரை மணி நேரம் ஆறட்டும். நமக்கு நேரம் இருக்கு."

வாஸ்தவம்தான். அரை மணி நேரம் நிறுத்தி, ஆறியபின் தண்ணீர் ஊற்றியிருந்தால் பிழைத்திருக்கும். ஆனால் நிறுத்தினால் நின்றதாகிவிடும். எக்காரணம் கொண்டும். கீழே கோடு வேறு.

"வேண்டாம். இதுக்கு ஒரு வைத்தியம் இருக்கு" என்றவர், கையை நீட்டி ஹீட்டரை முழுசாகத் திருகிவிட்டார். எஞ்சினின் சூட்டை உறிஞ்சி உள்ளே விட்டால் எஞ்சின் ஆறும். பழைய காரோடு குடும்பம் நடத்துகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வித்தை. உள்ளே உட்கார்ந்திருக்கிறவர் என்ன ஆவார் என்பது அந்த வித்தையில் சேராது.

கொதிக்கும் காற்று அவள் காலிலிருந்து கழுத்துவரை அடித்தது. கண்ணாடியை இறக்கினாள், புழுதி வந்தது. ஏற்றினாள்; மூச்சு முட்டியது. ஆறு மணிக்கு எழுந்து இஸ்திரி போட்ட உடை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வாரிய தலை கலைந்து நெற்றியில் வழிந்தது.

"பந்தயம் போகட்டும், நிறுத்தித் தொலைங்க!"

"இன்னும் கொஞ்ச தூரம்தாம்மா. இருந்து பாரேன்."

"ஏங்க, நான் என்ன அடுப்புல வேகற கிழங்கா?"

அவர் கண் முள்ளை விட்டு அகலவில்லை. கட்டிய மனைவியை அப்படி ஒரு நாள் கவலையோடு பார்த்திருந்தாலே கோயில் கட்டிக் கும்பிட்டிருப்பாள்.

பத்து இருபதுக்கு மருத்துவமனை வாகன நிறுத்தத்தில் வண்டி நுழைந்தது. "நிக்கல பார்த்தியா!" என்றார். அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு, கதவை அவர் பயப்படுகிற அளவுக்கு ஓங்கிச் சாத்திவிட்டு, முகம் கழுவ ஓடினாள். அவர் சாவியைத் திருகி அணைத்தார். எஞ்சின் ஒரு நீண்ட பெருமூச்சு விட்டது. பிறகு மூடியின் இடுக்கிலிருந்து ஆவி கிளம்பியது. எஞ்சினைக் குளிர்விக்கிற பச்சை நிறத் தண்ணீர் தரையில் ஓடி, பக்கத்து வண்டியின் டயரை நனைத்தது. திரும்ப முடுக்கிப் பார்த்தார். ஒரு முனகல் கூட இல்லை.

மெக்கானிக்கிடம் போனில் சொன்னார்.

"சூட்டுலயே ஓட்டினீங்களா சார்? ஹெட் வளைஞ்சிருக்கும். எஞ்சினையே இறக்கணும்" என்றான். குரலில் துக்கம் இருந்தது. வேறு ஏதோவும் இருந்தது.

பன்னிரண்டரைக்கு அவள் வந்தாள். தலை ஒழுங்காகப் பின்னப்பட்டிருந்தது. உடையின் கசங்கல் அப்படியேதான் இருந்தது.

"எப்ப சொல்வாங்களாம்?"

"சொல்லிட்டாங்க. எனக்குத்தான்."

"அட! என்ன கேட்டாங்க?"

"நெருக்கடியில பதறாம இருப்பீங்களான்னு கேட்டாங்க. இந்த வெயில்ல ஹீட்டர் போட்ட கார்ல வந்தேன், ஓட்டினவர் இன்னும் உயிரோட இருக்கார்னேன். அதுக்கப்புறம் கேள்வியே இல்ல."

அவர் சிரித்தார். அவள் தரையில் ஓடிய பச்சைத் தண்ணீரைப் பார்த்தாள். அவருடைய தொழில்முறைத் தொண்டை உடனே கனைத்துக்கொண்டது.

"இங்க பாரு, 'அடையும் முன்'னு எழுதியிருக்கு. அடைஞ்சப்புறம்தான் நின்னது. வழியிலன்னு இதைச் சொல்ல முடியாது."

"நான் ஒண்ணும் சொல்லலையே. ஜெயிச்சது நீங்கதான்." காகிதத்தை நாலாகக் கிழிக்காமல், மடிப்புக் கலையாமல், அவர் சட்டைப் பையில் வைத்தாள். "வண்டி உங்களுக்கே. வெச்சுக்குங்க. அடுத்த மாசம் இங்க சேரணும். வாரத்துல அஞ்சு நாள் இங்க தங்கப் போறேன். என் டப்பாவை எடுத்துக்கிட்டு வந்துடறேன்."

"அப்ப நான் வேலைக்கு எதுல போறது?"

"இதுலதான். ராஜா இருக்காரே!"

எத்தனையோ பேரை அழவைத்த மனிதர், ஆவி விடும் வண்டியைப் பார்த்து, அவளைப் பார்த்து, குழந்தை மாதிரி கேட்டார்:

"தினமுமா?"

அவள் நேரப்பட்டியலைப் பிரித்து வீட்டுப் பக்கம் போகும் பஸ்ஸைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை, அவள் நாலு மாதம் நின்ற அதே பஸ் நிறுத்தத்தில் கைப்பெட்டியோடு நின்றார் டர்போ. போன் அடித்தது.

"சார், ஹெட்டைக் கழட்டியாச்சு. பிரிச்சதுதான் பிரிச்சோம், ரெண்டு டர்போவும் தளர்ந்து போயிருக்கு…"

ஊரான் வண்டி என்றால் என்ன சொல்லியிருப்பார் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். வரிசையில் நின்றவர்களுக்குக் கேட்காதபடி வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, "மாத்திடு" என்றார்.