இடப்பக்கத்து மந்திரி

அவரை நான் முதலில் பார்த்தது எங்கள் குடியிருப்பின் வாசலில், மீன் கூடைக்குப் பக்கத்தில். அவருடைய மனைவி வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்தார். இவர் மாவுக்கட்டுப் போட்ட காலை ஒரு பலகைமேல் நீட்டி வைத்து, குனிந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார். கரைக்கு இழுத்துப் போட்ட படகு சரிந்து கால் உடைந்ததாம். மூன்று மாதம் கடலுக்குப் போக முடியாது. என் முறை வரும்வரை சும்மா நின்ற நான் எட்டிப் பார்த்தேன். போனில் செஸ்.

"அந்த மந்திரி வெட்டு வாங்கிரும்ணே" என்றேன்.

அவர் நிமிரவில்லை. "வாங்கட்டும் சார். அவன் மந்திரிய எட்த்தான்னா நான் இன்னா பண்றேன் பாருங்க."

எதிராளி மந்திரியை எடுத்தான். இவர் குதிரையைத் தாண்டவைத்து ராணியைப் பிடித்தார். நான் மீன் வாங்க மறந்து நின்றேன்.

நான் தென்காசிப் பக்கத்துக்காரன். கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி அலுவலகம் ஒன்றில் வரைபடப் பிரிவில் இருபது வருடமாக வேலை. பக்கத்து ஊரின் பெயர் சதுரங்கப்பட்டினம். அந்தப் பெயருக்கும் ஆட்டத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று புதிதாக வருகிறவர்களிடமெல்லாம் விளக்கிச் சொல்லும் ஆள் நான். செஸ் புத்தகங்களை வாங்கி அடுக்கி வைத்திருந்தேன். உடன் உட்கார்ந்து விளையாட ஆள் இல்லை. அவர் கால் சரியானதும், மாமல்லபுரம் போகும் வழியில் இருக்கும் அவருடைய குப்பத்துக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் போக ஆரம்பித்தேன். கடலைப் பார்த்த வலைக்கூடத்தில் ஒரு மூலையில் பலகையை விரிப்போம். சுற்றிலும் ஆட்கள் வலை கட்டிக்கொண்டிருப்பார்கள். யாரும் எங்களைக் கண்டுகொள்ள மாட்டார்கள்.

ஆறு வருடம் விளையாடினோம். ஏறக்குறைய எல்லா ஆட்டமும் அவர்தான் ஜெயித்தார்.

நான் எப்போதும் ஒரே முறையில்தான் தொடங்குவேன். லண்டன் சிஸ்டம் என்று புத்தகத்தில் பெயர். ராணி முன்னால் இருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவது, ஒரு மந்திரியை வெளியே கொண்டுவந்து நிறுத்துவது, அதன் பின்னால் சின்னச் சிப்பாய்களால் ஒரு முக்கோணம், அடுத்த மந்திரியை எதிராளி ராஜா ஒளியும் மூலையைக் குறி பார்க்க வைப்பது. எதிரி என்ன செய்தாலும் இந்த அடுக்கு மாறாது. என்னைப் போல் பயந்தவர்களுக்கு ஏற்ற முறை.

"இன்னா சார், டெய்லி வூட்டு சாமான் அடுக்கற மாரியே அடுக்கறீங்க" என்பார். அவருக்கு எந்தத் தொடக்கத்துக்கும் பெயர் தெரியாது. ஆனால் ஒரு காய் எங்கே நிற்கிறது என்பதைவிட அது எதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது என்பது அவருக்கு உடனே தெரியும். என் யானைக்கும் அவர் ராணிக்கும் நடுவே மூன்று காய்கள் இருந்தாலும், அந்த மூன்றும் விலகினால் என்ன ஆகும் என்பதை முன்கூட்டியே பார்த்துவிடுவார்.

ஒரு பொங்கல் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஜெயித்தேன். கறுப்பு அவருக்கு. வழக்கம்போல் அடுக்கினேன். என் மந்திரி அவர் ராஜாவின் மூலையைக் குறி வைத்திருந்தது. ராணியைப் பலகையின் ஓரத்துக்கு, அவருக்கு இடது கைப்பக்கம், கொண்டுபோய் நிறுத்தினேன். ஒரு சிப்பாயைத் தள்ளினால் தீர்ந்துவிடும் ஆபத்து. அவர் வேறெங்கோ குதிரையை நகர்த்தினார். நான் ராணியை இறக்கி மேட் சொன்னேன். அவர் பலகையை வெகுநேரம் பார்த்தார்.

"இது எப்ப சார் அங்க வந்துச்சி?"

"இப்பதாண்ணே. உங்க முன்னாடிதான் வச்சேன்."

அன்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் இரண்டு தடவை சொன்னேன். அலுவலகத்திலும் சொன்னேன். அடுத்த வாரமும் ஜெயித்தேன். அதற்கடுத்த வாரமும்.

ஆட்டங்களை ஒரு நோட்டில் குறித்து வைப்பது என் பழக்கம். நான்கைந்து வெற்றிக்குப் பிறகு உட்கார்ந்து புரட்டிப் பார்த்தேன். விழுந்த அடிகளெல்லாம் ஒரே பக்கத்தில். அவர் கறுப்பு விளையாடினால் ராஜா ஒளிந்த மூலையில். வெள்ளை விளையாடினால் ராணிப் பக்கத்து யானை நிற்கும் மூலையில். இரண்டுமே அவருக்கு இடது பக்கம். நோட்டின் கடைசிப் பக்கத்தில், 'இடப்பக்கம் பலவீனம்' என்று எழுதி அடிக்கோடு போட்டேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை. யோசித்ததெல்லாம் அந்தப் பக்கத்தை எப்படி அடிப்பது என்றுதான். நான் கறுப்பு விளையாடும்போது மந்திரியைச் சிப்பாய்க்குப் பின்னால் மூலையோரம் உட்கார வைத்து, அங்கிருந்து பலகை முழுக்கக் குறுக்கே அவருடைய இடப்பக்கத்து யானையைப் பார்க்க வைக்கும் ஒரு தொடக்கத்தைப் புத்தகம் பார்த்துப் படித்தேன். இதற்காக அலுவலகத்தில் ஒரு மதியச் சாப்பாட்டையே விட்டேன்.

அது பலித்தது. நடுவிலிருந்த என் குதிரையை விலக்கினேன். கோடு திறந்தது. அவர் யானையை நகர்த்தவே இல்லை. எடுத்துக்கொண்டேன்.

அந்த நாட்களில் வேறு சிலதையும் பார்த்தேன். அவருக்கு இடப்பக்கம் வைத்த டீ அப்படியே ஆறிக் கிடக்கும். "டீ ஆறுதுண்ணே" என்று நான் சொன்ன பிறகு, "வந்துச்சா?" என்று கேட்டு, தலையைத் திருப்பித் தேடி எடுப்பார். கூடத்துக்குள் நுழையும்போது இடது தோள் தூணில் இடிக்கும். ஆட்டத்தையே நினைத்துக்கொண்டிருக்கிறார், என்னிடம் தோற்பது அவரைக் குடைகிறது என்று நினைத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

சித்திரை மாதக் கடைசியில், கிழக்குக் கடற்கரைச் சாலையைக் கடக்கும்போது இடப்பக்கமிருந்து வந்த ஒரு வேன் அவரைத் தட்டிவிட்டது. கையில் சிராய்ப்பு, நெற்றியில் ஒரு வெட்டு, அவ்வளவுதான். ஓட்டி வந்தவன் ஆரன் அடித்துக்கொண்டேதான் வந்திருக்கிறான். செங்கல்பட்டில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தலையில் அடி என்பதால் ஸ்கேன் எடுத்தார்கள். வலப்பக்க மூளையில், பின்புறமாக, ஒரு கட்டி இருந்தது.

தகவல் கேட்டு நான் போனபோது, இளவயதுப் பெண் டாக்டர் ஒருவர் அவர் முகத்துக்கு முன்னால் விரலை அசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். வலப்பக்கம் அசைந்ததை இவர் சரியாகச் சொன்னார். இடப்பக்கம் விரல் ஆடுவதே அவருக்குத் தெரியவில்லை.

"எத்தனை நாளா இந்தப் பக்கம் பார்வை இல்ல?"

"எனக்கு நல்லாத்தாம்மா தெரியுது" என்றார் அவர். பொய் சொல்லவில்லை. இல்லாமல் போனது அவருக்கே தெரியாது.

"இந்த மாசந்தான் டாக்டரு, ஒரு மாரி தடுமாறிகினு இருந்தாரு" என்றார் அவர் மனைவி.

நான் மறுநாள் நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். டாக்டருக்குச் செஸ் தெரியாது. பக்கத்தில் நின்று விளக்கினேன். இந்த ஆட்டத்தில் ராணி இங்கே நின்றது, அவர் பார்க்கவில்லை. இதில் யானை. இதில் சிப்பாய் இரண்டு. டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதுல முதல் தடவை எது?" என்றார். பொங்கலுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையில் விரலை வைத்தேன்.

"நாலு மாசம்" என்று அவர் தன் தாளில் எழுதினார். அப்போது கடைசிப் பக்கம் தானாகப் புரண்டது. நான் அடிக்கோடு போட்டு எழுதியதை டாக்டர் படித்தார். நோட்டை மூடிக் கையில் கொடுத்தார்.

முன்னமே கண்டுபிடித்திருந்தால் என்று கேட்டேன். "சொல்ல முடியாது சார்" என்றார். அதற்கு மேல் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வராந்தாவில் அவர் மனைவி நின்றிருந்தார். "நாலு மாசமா உங்களுக்குத் தெரியுமா சார்?"

"விளையாட்டுல தோக்குறார்னுதான் நெனச்சேம்மா."

"நான் அவரு கூடவே கீறேன். எனக்குத் தெரில. நீங்க எழுதி வச்சிகினு இருந்துகிறீங்க." குரலில் கோபம் இல்லை. அதைச் சரியாகப் புரிந்துகொள்ளத்தான் கேட்கிறார் என்று பட்டது. அது கோபத்தைவிடக் கடினமாக இருந்தது.

சென்னையில் ஆபரேஷன் நடந்தது. பிறகு கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைத்தார்கள். ஆடி மாதம் அவர் வீட்டுக்கு வந்தார். தலை மொட்டை, காதுக்குப் பின்னால் வளைந்த தையல். பார்வை திரும்பவில்லை. கடலுக்குப் போகக் கூடாது என்றுவிட்டார்கள். படகை அவருடைய மச்சான் எடுத்துக்கொண்டு போனார்.

முதல் வாரமே கூப்பிட்டனுப்பினார். பலகையை அவருக்கு வலப்பக்கமாகத் தள்ளி வைத்தேன். அதைக் கவனித்து நடுவுக்கு இழுத்துக்கொண்டார். ஒவ்வொரு முறையும் காயைத் தொடுவதற்கு முன் கழுத்தை இடப்பக்கம் முழுக்கத் திருப்பி, ஓரத்திலிருந்து ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு நகர்த்தலுக்கு ஐந்து நிமிடம் ஆனது. பத்தாவது நகர்த்தலில் நான் என் குதிரையை அவர் எடுக்கும்படி வைத்தேன்.

அவர் எடுக்கவில்லை. "இன்னா சார் பண்றீங்க? சும்மா குடுக்கறதா இருந்தா வூட்டுக்குக் கிளம்புங்க."

குதிரையைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். கொஞ்சநேரம் போனபின் கேட்டார்: "தெரிஞ்சேதான் அந்தப் பக்கம் அடிச்சீங்களா?"

"பக்கம் தெரியும்ணே. காரணம் தெரியாது."

"ஆட்டத்துல அது தப்பில்ல. நானும் அங்கதான் அடிச்சிருப்பேன்." கழுத்தைத் திருப்பி ஓரத்தைப் பார்த்தபடியே சொன்னார். "ஆனா டீ ஆறிப்போறத பாத்துகினே இருந்தீங்கள்ல. அப்ப ஒரு வார்த்த கேட்ருக்கலாம்."

கேட்டிருக்கலாம். அன்று அவர் தோற்றார். நான் உண்மையாக விளையாடித்தான் ஜெயித்தேன். அதை அவர் நம்பினாரா என்பது தெரியாது.

ஐப்பசி மழைக்காலத்தில் கட்டி மறுபடி வளர்ந்தது. கடைசி ஞாயிறுகளில் பலகை வைக்கவில்லை. அவர் படுத்திருக்க, நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். சில நேரம் என்னை மச்சான் என்று நினைத்து, காற்று எந்தப் பக்கம் என்று கேட்பார். வாடைதான் என்று சொல்வேன். தலையசைப்பார். மார்கழியில் ஒரு காலை இறந்துபோனார். கடலோரச் சுடுகாடுவரை நடந்தேன். என்னை அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யாரோ ஒருவர் கொள்ளி வைப்பவருக்குப் பின்னால் நிற்க எனக்கும் இடம் விட்டார்.

அதன் பிறகு நான் குடியிருப்பின் பின்வாசல் வழியாகவே போய்வந்தேன். முன்வாசலில் அவர் மனைவி மறுபடி கூடையோடு உட்கார ஆரம்பித்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். மீனே வாங்கவில்லை. பங்குனியில் ஒருநாள் பின்வாசல் பூட்டியிருந்தது. வேறு வழியில்லாமல் முன்பக்கம் வந்தேன். அவர் கூப்பிட்டார்.

"இன்னா சார், இந்தப் பக்கமே காணோம்?"

"வேலைம்மா" என்றேன்.

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "ஞாயித்துக்கெழம ஆச்சின்னா ஒரு மணிக்கே குளிச்சிட்டு சட்ட மாத்திகினு குந்திகினு இருப்பாரு, தெரியுமா உங்களுக்கு? நீங்க வர நாழியாச்சின்னா என்மேல எரிஞ்சி வுழுவாரு. வூட்ல குந்தாத, போய் ரோட்ல பாருன்னு என்னத் தொரத்துவாரு."

எனக்கு அது தெரியாது. நான் போகும்போதெல்லாம் அவர் வலைக்கூடத்தில், ஏதோ வேலையாக அங்கே இருந்தவர்போல, சாவகாசமாகத் திரும்பிப் பார்ப்பார்.

ஏதாவது சொல்ல வேண்டும் என்று நின்றேன். அதற்குள் ஸ்கூட்டரில் ஒரு அம்மா வந்து இறங்கி, சங்கரா என்ன விலை என்று கேட்டார். அவர் அந்தப் பக்கம் திரும்பினார்.