உப்பு ஏரிக்கரையில் ஒரு கிள்ளு மண்

எங்கள் வீட்டில் சமையலுக்கு ஒரு நீதிபதி இருந்தார். என் வீட்டுக்காரர்தான். உப்பு கம்மி, புளி தூக்கல், ரசம் வெறும் தண்ணி என்று தட்டில் கை வைத்ததும் தீர்ப்பு வந்துவிடும். நானும் சும்மா விடமாட்டேன். விருத்தாசலத்தில் எங்கள் பீங்கான் பட்டறை வீட்டோடு ஒட்டியிருக்கிறது. அங்கே வேலை செய்கிறவர்களுக்கு எங்கள் மத்தியானச் சண்டைதான் சாப்பாட்டு மணி.

கொரோனா வந்து போனதில் அவருக்கு நாக்கில் ருசி செத்துப்போனது. மற்றவர்களுக்கெல்லாம் சில வாரங்களில் திரும்பிவிட்டது, இவருக்குத் திரும்பவேயில்லை. டாக்டர்களைப் பார்த்தாகிவிட்டது. எதைப் போட்டாலும் "நல்லா இருக்குது" என்றார். ஒருநாள் வேண்டுமென்றே உப்பே போடாமல் குழம்பு வைத்தேன். அதற்கும் "நல்லா இருக்குது"தான். அடுப்படிக்குள் போய் அழுதேன். குறை சொல்லாத புருஷன் வாய்க்கவில்லையே என்று ஊரெல்லாம் புலம்பியவளும் நான்தான்.

அப்பாவின் மனசு கொஞ்சம் மாறட்டும் என்று மகள் எங்கள் ரெண்டு பேருக்கும் லடாக்குக்கு டிக்கெட் போட்டாள். லே வரை விமானம், அங்கிருந்து வாடகைக் கார், கணவாயைத் தாண்டி ஓர் உப்பு ஏரி. பக்கத்திலிருக்கிற கருவேப்பிலங்குறிச்சி போவதற்குள் பஸ்ஸில் வாந்தி எடுக்கிறவள் நான். அந்த மலைப்பாதையில் ஒரு தடவைகூட எடுக்கவில்லை. பயத்தில் அதற்கு நேரமில்லை.

கணவாய் உச்சியில் டிரைவர் காரை நிறுத்தினார். கலர் கலராகக் கொடிகள் படபடத்தன. நாலடி நடந்ததும் எனக்கு மூச்சு வாங்கியது. இவரோ செல்போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துச் சிக்னல் தேடினார். சூளையில் சூடு சரியாக இருக்கிறதா என்று பட்டறையில் கேட்கணுமாம்.

"ஏன், இங்கேர்ந்தே ஊதி அணைக்கப் போறீங்களா?" என்றேன்.

டிரைவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் சிரித்தார்.

அந்தப் பக்கம் இறங்கிப் பிற்பகலில் ஏரிக்குப் போய்ச் சேர்ந்தோம். நடுவில் நீலத் தண்ணீர், சுற்றிலும் கரை முழுக்க ஒரே வெள்ளை. நான் வாயைப் பிளந்து நின்றேன். இவர் தண்ணீரைப் பார்க்கவேயில்லை.

"மண்ணப் பாரு! என்னா வெளுப்பு!" என்று குனிந்துகொண்டே போனார்.

லாரியில் களிமண் வந்து இறங்கினால் எங்கள் ஊர்ப் பட்டறைக்காரர்கள் ஒரு கிள்ளு எடுத்து வாயில் போட்டுப் பார்ப்பார்கள். ருசிக்காக இல்லை. மணல் கலந்திருந்தால் பல்லில் நறநறக்கும், அதற்காக. நாக்கு செத்த பிறகும் இவர் அந்தப் பழக்கத்தை விடவில்லை. வந்திருப்பது உப்பு ஏரிக்கு என்பதே மறந்துபோய், அந்த வெள்ளையில் பெரிதாக ஒரு கிள்ளு எடுத்து வாயில் போட்டார்.

முகம் அஷ்டகோணலானது. தூ தூ என்று துப்பினார். தண்ணீர் பாட்டிலோடு ஓடினேன்.

"என்னாங்க ஆச்சு?"

"உப்புடி!"

"உப்பு ஏரில உப்பு இல்லாம சக்கரையா இருக்கும்?" என்று கத்தியவள் அப்படியே நின்றுவிட்டேன். அவரும் என்னையே பார்த்தார். பாட்டிலை வாங்கவில்லை. மறுபடி குனிந்து, கொஞ்சமாக எடுத்து, மெதுவாக நாக்கில் வைத்தார்.

"கரிக்குதுடி," என்றார்.

காருக்கு ஓடிப்போய்ப் புளிச்சோற்று டப்பாவை எடுத்து வந்தேன். ஊரிலிருந்து கொண்டுபோன புளிக்காய்ச்சலை விடுதிச் சோற்றில் போட்டுக் காலையில் நானே கிளறியது. ஒரு வாய் எடுத்து மென்றார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"புளி தூக்கலா இருக்குது," என்றார்.

"புடிச்சா சாப்புடுங்க, இல்லன்னா அந்த மண்ணையே அள்ளித் துன்னுங்க!" என்று அடித்தொண்டையில் கத்தினேன். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது, நிறுத்த முடியவில்லை. எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்து, டிரைவர் காரில் வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.