பிக்கப்பில் வெட்டிய யன்னல்

டீசல் வரிசையை நினைத்து ஏங்குகிற ஒரே மனுஷி இந்த நாட்டில் நானாகத்தான் இருப்பேன். மற்ற எல்லோரும் அந்தத் தட்டுப்பாட்டுக் காலத்தைச் சபிக்கிறார்கள். வெயிலில் காய்ந்தது, பால்மாவுக்கு அலைந்தது, கரண்ட் இல்லாமல் நுளம்புக்கடியில் கிடந்தது என்று ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். நானும் வாய் வலிக்கச் சபித்தவள்தான். ஆனால் என் கணவர் என்னோடு மனம் விட்டுக் கதைத்தது அந்த வரிசையில்தான், பாலாவியில் ஒரு பெற்றோல் செட்டுக்கு வெகுதூரம் தள்ளி, பிக்கப்பின் முன் சீட்டில்.

அதற்கு முன் முப்பது வருடத்துக்கு மேல் நாங்கள் குடும்பம் நடத்தியிருந்தோம். அவர் சுபஹுத் தொழுகைக்கு முன்பே பிக்கப்பில் ஐஸ் ஏற்றிக்கொண்டு கண்டக்குழிக்குப் போய்விடுவார். படகுகள் கரைக்கு வந்ததும் மீனை ஏற்றிப் புத்தளம் சந்தையில் இறக்குவார். நான் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு நுரைச்சோலை வீட்டுக்கு வரும்போது அவர் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். அவர் எழும்பிச் சாப்பிட வரும்போது எதிரே கதிரையைப் போட்டு நான் இருப்பேன். “இன்னும் கொஞ்சம் சோறு”, “சாவி எங்க?”, “வாறன்.” அவ்வளவுதான். நல்ல மனிதர். கோபமே வராது. கோபம் வந்தாலாவது நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் வருமே என்று நான் ஆசைப்பட்ட நாட்களும் உண்டு.

வரிசையில் நிற்கும் வாகனத்தை விட்டுவிட்டு வர முடியாது, இடம் போய்விடும். அதனால் அவர் பாலாவியிலேயே கிடந்தார். நான் சோற்றுப் பார்சலோடு பஸ் ஏறிப் போனேன். கொடுத்துவிட்டுத் திரும்பத்தான் நினைத்தேன், திரும்புவதற்கு பஸ் வரவில்லை. வேறு வழியில்லாமல் முன் சீட்டில் ஏறி அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். எங்களுக்கு முன்னால் ஒரு சீமெந்து லொறியின் பின்பக்கம். இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“கடலப் பாத்துப் பாத்து எனக்கு அலுத்துப் போச்சு புள்ள” என்றார், யாரும் எதுவும் கேட்காமலே.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். உடனே வாயை மூடிக்கொண்டார். சரி, வெயிலில் மூளை கொதித்துவிட்டது போல என்று நான் மறுபடி லொறியைப் பார்த்தேன். அவரும் மறுபடி தொடங்கினார்.

விடியப்புறத்தில் கண்டக்குழிக் கரையில் படகுகளுக்காகக் காத்திருப்பதைச் சொன்னார். தூரத்தில் புள்ளியாக வருவது யாருடைய படகு என்று அது ஆடுகிற ஆட்டத்தை வைத்தே கண்டுபிடிப்பாராம். கலியாணம் முடித்த புதிதில் என்னிடம் மீன் வாடையோடு வரக் கூச்சப்பட்டுத் தேசிக்காயை உடம்பெல்லாம் தேய்த்துக் குளித்தாராம். அந்தப் பழக்கம் இன்றுவரை விடவில்லை என்றார். கிணற்றடியில் பிழிந்த தேசிக்காய்த் தோல்களைக் கூட்டி அள்ளியே என் இடுப்பு ஒடிந்திருக்கிறது. அது எனக்காக என்று ஒரு நாளாவது சொல்லியிருந்தால் கொஞ்சம் சந்தோஷமாகவாவது கூட்டியிருப்பேன்.

அதற்குப் பிறகு நான் தினமும் போனேன். பள்ளிக்கூடங்களும் மூடிக்கிடந்தன. முதல் நாள் ஒரு பாய் கொண்டுபோனேன், அடுத்த நாள் தலையணை. மீன் பெட்டிகளைக் கவிழ்த்து மேலே பலகை போட்டுப் பின்பக்கம் படுக்க இடம் செய்தார். மேலே ஒரு தறப்பாள் கட்டினார். வாகனத்தின் பெற்றரியிலிருந்து ஒரு சின்ன விளக்கு இழுத்தார். மண்ணெண்ணெய் அடுப்பில் நான் தேத்தண்ணி ஊற்றி முன்னே பின்னே நின்றவர்களுக்கும் கொடுத்தேன். “டீச்சர் இங்கேயே வீடு கட்டிட்டாங்க” என்று லொறிக்காரர்கள் பகிடி விட்டார்கள். எனக்கு வெட்கமாக இருந்தாலும் உள்ளுக்குள் இனித்தது.

பிறகு ஆளுக்கு இவ்வளவு என்று டீசல் ஒழுங்காகக் கிடைக்கத் தொடங்கியது. டீசல் வந்தது, கதை நின்றது. வீட்டில் சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே இருந்தோம். “இன்னும் கொஞ்சம் சோறு.” எனக்கு அழுகை வந்தது. நாடே நிம்மதிப் பெருமூச்சு விடும்போது நான் ஒருத்தி வரிசை போய்விட்டதே என்று அழுதால் யாரிடம் சொல்வது?

நான் ஓய்வு பெற்ற வருடமே அவரும் முழங்கால் வலியால் ஐஸ் ஓட்டத்தை விட்டார். பிள்ளைகள் கலியாணம் முடித்துக் கொழும்புக்குப் போய்விட்டார்கள். பிக்கப் முற்றத்தில் சும்மா நின்றது. ஒரு நாள் துணிந்து சொன்னேன்.

“இஞ்ச பாருங்க, இதுல ஒரு அறை கட்டுவம். படுக்கை, அடுப்பு, தண்ணி, எல்லாம் வெச்சு. நெனச்ச இடத்துல நிப்பாட்டித் தங்கலாம்.”

“என்னத்துக்கு?”

நீங்கள் வாய் திறப்பதற்குத்தான் என்று சொல்ல முடியுமா? “ஊர் பாக்க” என்றேன்.

அவர் தாடியைத் தடவிக்கொண்டு பிக்கப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். “ஓம், செய்யலாம்” என்றார்.

முற்றத்துச் சீமெந்துத் தரையில் நான் சோக்கால் பிக்கப்பின் பின்பக்கத்தை அதே அளவில் கீறினேன். படிப்பித்த கை, சும்மா இருக்குமா? தலைமாடு முன்பக்கம், கால்மாடு பின்கதவுப் பக்கம். கதவைத் திறந்துவைத்தால் படுத்தபடியே கடல் தெரிய வேண்டும் என்று கதவுக்கு வெளியே “கடல்” என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். அவர் அந்தச் சோக்குக் கோட்டுக்குள் மல்லாந்து படுத்து, காலை நீட்டிப் பார்த்து, “சரி” என்றார்.

பாலாவியில் ஒரு ஒட்டு வேலைக்காரர் இரும்புச் சட்டம் அடித்து, அலுமினியத் தகடு போர்த்தி, பின்பக்கத்துக்கு ஒரு பெட்டி செய்து கொடுத்தார். மீதியெல்லாம் வீட்டு முற்றத்தில்தான். கூரையில் ஒரு சோலர் தகடு, கட்டிலுக்குக் கீழே பெற்றரி, இரண்டு விளக்கு, ஒரு குட்டி மின்விசிறி. சாரதி இடத்துக்கு மேலே தண்ணீர்த் தாங்கி, அதிலிருந்து தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளுச் செய்ய வெளிப்பக்கம் ஒரு குழாய். எனக்கென்று நான் கேட்டு வாங்கியது, சுற்றிக் கட்டி மறைக்கிற தறப்பாள் குளியலறையும் உட்கார்ந்து எழும்பும் கக்கூசும். அது இல்லாமல் ஒரு அடி நகர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பழைய அலுமாரிக் கதவு மடக்கு மேசையானது. நான் குளிர்சாதனப் பெட்டி வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். அவர் தன் பழைய ஐஸ் பெட்டியைத் தேய்த்துக் கழுவி, உமி போட்டு, ஒரு கட்டி ஐஸை இறக்கி மூடினார். சில நாட்கள் கழித்துத் திறந்தேன், உள்ளே இன்னும் கட்டி கிடந்தது. குளிர்சாதனப் பெட்டிக் கதையை அதோடு விட்டுவிட்டேன்.

மீன் வாடை மட்டும் போகவில்லை. புளி, சாம்பல், தேசிக்காய் எல்லாம் போட்டுத் தேய்த்தேன். கடைசியில் அது எங்கள் வாகனத்தின் வாசம் என்று ஏற்றுக்கொண்டேன்.

அந்த வேலை நாட்களிலும் அவர் கதைக்கவில்லை. “அரை இஞ்சு தள்ளு”, “இதப் புடி” என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. எல்லாம் பயணத்தில் சரியாகும் என்று நான் மனதைத் தேற்றிக்கொண்டேன். அயலில் ஒரு வீடு விடாமல் சொல்லிவைத்தேன். முதலில் கண்டக்குழி, பிறகு மன்னார், பிறகு திருகோணமலை என்று பெரிய எடுப்புத்தான்.

கண்டக்குழிக்கு அஸர் தொழுதுவிட்டுப் போய்ச் சேர்ந்தோம். விடுதிகள் இல்லாத பக்கமாகப் பார்த்து, பின்கதவு கடலைப் பார்க்க அவர் வாகனத்தைப் பின்னோக்கி எடுத்து நிறுத்தினார். கதவைத் திறந்தேன். கடல் முழுதாக உள்ளே வந்தது போல இருந்தது. ஏறி மல்லாந்து படுத்தேன். தலையணையை உயர்த்தி, காலை நீட்டினேன். என் இரண்டு பாதங்களுக்கும் நடுவில் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது.

“அஸ்தஃபிருல்லாஹ்!” என்று துள்ளி எழும்பினேன். எழும்பிய வேகத்தில் கூரையில் தலை இடித்தது.

சூரியன் இறங்கும் பக்கம்தான் நாங்கள் தொழுவதற்கு முகம் கொடுக்கும் பக்கம். கிப்லாவுக்குக் கால் நீட்டிப் படுத்தால் என் உம்மா விளக்குமாற்றோடு வருவார். ஐந்து நேரமும் மேற்கே பார்த்துத் தொழுகிற இரண்டு பேர், மேற்குக் கடலுக்குக் காலை நீட்டிக் கட்டில் போட்டிருக்கிறோம். சோக்கால் “கடல்” என்று எழுதியவளுக்கு அது எந்தத் திசை என்று மட்டும் தோன்றவில்லை.

வாகனத்தைத் திருப்பிப் பார்த்தோம். கதவுக்கு நேரே யாரோ ஒருவரின் ஆட்டுப்பட்டியும் முள்ளுக்கம்பியும். மறுபடி கதவைக் கடலுக்குத் திருப்பி, தலையணையைக் கதவுப் பக்கம் மாற்றினோம். கடலே தெரியவில்லை, காற்று மணலை அள்ளி முகத்தில் போட்டது. “நீங்களாவது யோசிச்சிருக்கக் கூடாதா?” என்று கத்தினேன். அவர் பேசாமல் நின்றார். அந்தப் பேசாமல் நிற்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. “வீட்டுக்குப் போவம்” என்றேன். இரவு இஷாத் தொழுகைக்கு முன்பே வீட்டு வாசலில் வந்து இறங்கினோம். “என்ன டீச்சர், திருகோணமல பாத்து முடிஞ்சா?” என்று வேலிக்கு மேலால் கேட்டார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டேன். கட்டில் கோணலானதல்ல என் கவலை. அந்த வரிசை இனி என் வாழ்நாளில் திரும்பி வராது என்றுதான் மனம் விட்டுப்போனது.

சில நாள் கழித்துக் காலையில் முற்றத்தில் தகடு அறுக்கும் சத்தம் கேட்டது. ஓடிப் போனேன். பிக்கப் பெட்டியின் இடப்பக்கத்தை அவர் வெட்டிக்கொண்டிருந்தார்.

“என்ன செய்றீங்க? மறுவா மீன் ஏத்தப் போறீங்களா?”

“யன்னல்” என்றார்.

பக்கத்தில் ஒரு பழைய வேனிலிருந்து கழற்றிய கண்ணாடி யன்னல் கிடந்தது. கையால் காற்றில் வரைந்து காட்டினார். “வண்டிட மூக்கு வடக்க. தல வடக்க, கால் தெக்க. வலப்பக்கம் சரிஞ்சு படுத்தா மொகம் கிப்லாவுக்கு. கடலும் அங்கதான்.” அவ்வளவு நீளமாக அவர் அந்த முற்றத்தில் அதற்கு முன் கதைத்ததில்லை.

மறுபடி கண்டக்குழி. இந்த முறை கரையோரமாக, மூக்கு வடக்கே பார்க்க நிறுத்தினார். மஃரிபுத் தொழுகைக்கு இன்னும் நேரம் இருந்தது. யன்னல் ஓரம் என்னைப் படுக்கச் சொன்னார். வலப்பக்கம் சரிந்தேன். யன்னல் சின்னதுதான், சரியாக என் முகத்துக்கு நேரே இருந்தது. கடல், ஒரு படகு, காற்றாடி கட்டிக்கொண்டு தண்ணீரில் ஓடும் வெள்ளைக்காரர் ஒருவர், எல்லாம் தெரிந்தது. அவர் எனக்குப் பின்னால் வந்து படுத்தார்.

“உங்களுக்கு ஒண்டும் தெரியாதே” என்றேன். “என்ட தல மறைக்கும். மாறிப் படுப்பமா?”

“முப்பது வருஷம் கடலத்தான் பாத்தன் புள்ள. போதும்.”

அவர் பக்கம் திரும்பப் போனேன், ஆனால் திரும்பவில்லை. ஏனென்றால் அவர் கதைக்கத் தொடங்கியிருந்தார். சின்ன வயதில் படகில் ஏறி வாந்தி எடுத்ததையும், அதனால்தான் கடலுக்குப் போகாமல் ஐஸ் ஓட்டத்துக்கு வந்ததையும் சொன்னார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்த மனிதருக்கு முகத்தைப் பார்த்தால் பேச்சு வராது. வரிசையில் நாங்கள் லொறியைப் பார்த்துக்கொண்டிருந்தோம், இப்போது நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை வருடம் மேசைக்கு எதிரே கதிரையைப் போட்டு அவர் வாயையே பார்த்திருக்கிறேன்!

அதன் பிறகு சிலாவத்துறை, மன்னார், திருகோணமலை என்று நாடெல்லாம் போனோம். கரண்டும் கிணறும் இல்லாத வெளிகளில் சோலர் விளக்கில் சமைத்துச் சாப்பிட்டோம். கிழக்குக் கரையில் என் யன்னலுக்குப் பற்றைக்காடுதான் கிடைத்தது. அவர் கதை அங்கேயும் குறையவில்லை. நான் பற்றையைப் பார்த்து “ம்” கொட்டிக்கொண்டிருந்தேன்.

போன மாரிமழை தொடங்குமுன் அவர் மௌத்தானார். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் வைத்தார்கள், திரும்பி வரவில்லை. நான் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இத்தா இருந்து முடித்தேன். பிக்கப் முற்றத்திலேயே நின்றது. “உம்மா, அத வெலைக்குக் கேட்டு ஒரு ஆள் வந்திரிக்கார்” என்று மகன் மெதுவாகச் சொன்னான். “மொதல்ல என்னக் கண்டக்குழிக்குக் கூட்டிட்டுப் போங்க மகன்” என்றேன்.

மூக்கு வடக்கே பார்க்க நிறுத்தச் சொன்னேன். மகன் கரையில் நடக்கப் போனான். நான் உள்ளே ஏறி, முதல் தடவையாக அவர் படுக்கும் இடத்தில் வலப்பக்கம் சரிந்து படுத்தேன். என் தலையணை எனக்கு முன்னால் வெறுமையாகக் கிடந்தது. அதற்கு மேலே யன்னல், யன்னல் நிறையக் கடல். ஒரு மறைப்பும் இல்லை. அவர் இருந்த காலத்தில் அந்த இடம் முழுக்க என் தலைதான் இருந்திருக்கிறது.

கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு நகர்ந்து என் இடத்துக்கே போய், அவருக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டேன்.