சந்தையில் மூன்று பேரும் என் கடைசிப் படமும்

போன வாரம் ராயக்கோட்டைச் சந்தையில் மூன்று பெண்கள் சேர்ந்து என்னைத் திணறடித்துவிட்டார்கள். என் கையில் பெட்டிக் கேமரா. உள்ளே மிச்சம் இருந்தது ஒரே ஒரு படம்.

அந்த ஒரு படத்துக்காக ஏன் அவ்வளவு மல்லுக்கட்டினேன்?

ஓசூர் ஏரிப் படம் இந்தப் பக்கத்தில் வந்தபோது ஒரு வாசகர் எழுதிக் கேட்டிருந்தார் — ‘கட்டுரை தங்களுடையது, சரி. படம் எடுத்தது தங்கள் அண்ணனா?’ எனக்கு அண்ணன் கிடையாது. என் டீச்சர் சம்பளத்தில் நான் வாங்கிய கேமரா அது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். கேமராவைத் தொட்டவளும் நான்தான். பெருமையாகத்தான் சொல்கிறேன்!

ஆனால் அதற்குப் பிறகு எடுத்த இரண்டும் சொதப்பல். ஒன்றில், படம் எடுத்ததும் பிலிமைச் சுற்றிவிட மறந்து, அதன் மேலேயே அடுத்ததையும் எடுத்துவிட்டேன். கோட்டைச் சுவர் மேல் பஸ் ஏறி நின்றது. இன்னொன்று உச்சி வெயிலில் எடுத்தது. எல்லோருக்கும் கண் இருந்த இடத்தில் கறுப்புக் குழி.

பத்திரிகை ஆசிரியர் பொறுமைசாலி. இருந்தாலும் சொல்லிவிட்டார்: “இந்த முறையும் சரியாக வரவில்லை என்றால் ஆபீஸ் போட்டோகிராபரை அனுப்புகிறோம். நீங்கள் எழுதினால் போதும்.”

எழுதினால் போதுமாம்... விடுவேனா?

கற்றுக்கொண்டேன். ஒரு படம் எடுத்தவுடன் வேறு எதையும் நினைக்காமல் பிலிமைச் சுற்ற வேண்டும். கேமராவின் பின்பக்கத்துச் சிவப்பு ஜன்னலில் அடுத்த எண் வரும்வரை கை நிற்கக் கூடாது. வெளியில் படம் எடுக்கக் காலை வெயில், இல்லையென்றால் சாயங்கால வெயில். கேமராவை வயிற்றோடு அணைத்து, முழங்கைகளை விலாவில் ஒட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக அழுத்த வேண்டும். வெடுக்கென்று அழுத்தினால் மலையே ஆடிப்போகும். சூரியன் நம் முதுகுக்குப் பின்னால். ஆனால் நம் நிழல் மட்டும் படத்துக்குள் விழவே கூடாது!

இந்தப் பாடங்களோடு மார்கழிப் பனி விலகுகிற நேரத்துக்குச் சந்தையில் இருந்தேன். ஆளும் அமைந்தது. முனியம்மா, நஞ்சம்மா, ஜமீலா பீ. மூவரும் ஒரே இடத்தில் அவரைக்காய் விற்பவர்கள். முகத்தில் நல்ல வெயில், பின்னால் கோட்டை மலை. சேர்ந்து நிற்கச் சொன்னேன்.

“மூணு பேராவா?” முனியம்மா இடுப்பில் கை வைத்தாள். “ஏன் டீச்சரம்மா, நாங்க நல்லா இருக்கறது உனக்குப் புடிக்கலையா? மூணு பேரு நின்னு போட்டோ புடிச்சா ஒருத்தருக்கு ஆகாது.”

“பேடம்மா, பேடா!” என்று கன்னடத்தில் வேண்டாமென்று சொல்லிக் கையை உதறினாள் நஞ்சம்மா.

“அப்போ ரெண்டு பேர் மட்டும் நில்லுங்களேன்.”

“எந்த ரெண்டு?” என்றாள் ஜமீலா பீ. யாரை விலக்கினாலும் மற்ற இருவரும் என்னோடு பேச மாட்டார்கள் என்பது அவள் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது.

பக்கத்தில் நின்ற தரகர் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். “நான் வேணா நாலாவதா நிக்கட்டுமா?”

“நீ நின்னா எங்க ஊட்டுக்காரருக்கு நீ வந்து பதில் சொல்லுவியா?” என்றாள் முனியம்மா. சந்தையே சிரித்தது.

அவர் அசரவில்லை. “அப்ப அந்தப் பொட்டிய எங்கிட்டக் குடும்மா. நீ போயி அவங்களோட நில்லு. நான் அமுத்தறேன். பொம்பளைக்கு எதுக்கு இந்தச் செரமம்?”

மூவருக்கும் அது சரியாகப் பட்டது. “ஆமா டீச்சரம்மா, நீயே வந்து நில்லு!”

நியாயமான யோசனைதான். படம் கிடைக்கும். மூவரும் நிற்பார்கள். ஆனால் எடுத்தது யார்? மறுபடியும் யாரோ ஓர் அண்ணன்!

“முடியாது” என்றேன். வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் கண்கள் குழியாகிவிடும். தலையைக் குனிந்தேன். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. வந்ததிலிருந்து நான் பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து படத்துக்கு வெளியே தள்ளிக்கொண்டிருந்த என் நிழல்.

நேராக வந்து நின்றேன். நிழல் நீண்டு போய் அவர்கள் காலடியில் விழுந்தது.

“இதோ, நாலாவது ஆள்.”

“நெழலு கணக்குல வருமா?” ஜமீலா பீக்குச் சந்தேகம்.

முனியம்மா குனிந்து பார்த்தாள். “தலை இருக்குது. கையி ரெண்டும் இருக்குது. முந்தானை கூட ஆடுது பாரு. வராம என்னா? வா, நில்லு!”

வெயில் நேராக முகத்தில் அடித்ததால் மூவரும் கண்ணைச் சுருக்கினார்கள். அதற்கும் வழி உண்டு. “எல்லாரும் கண்ணை மூடுங்க. நான் சொன்னதும் தொறங்க.” மூச்சைப் பிடித்தேன். “தொறங்க!” அழுத்தினேன். அகலத் திறந்த ஆறு கண்கள். நஞ்சம்மாவுக்குச் சிரிப்பு வேறு.

படம் கழுவிய ஸ்டுடியோக்காரர், “எல்லாம் பிரமாதம். கீழே ஏதோ கறுப்பா விழுந்திருக்கு, வெட்டிடறேன்” என்றார். கத்தரிக்கோலை அவர் கையிலிருந்து வாங்கி மேஜையில் வைத்துவிட்டுத்தான் மேலே பேசினேன். ஆசிரியரிடமும் சொல்லிவிட்டேன் — போட்டால் முழுதாகப் போடுங்கள்.

முழுதாகவே போட்டிருக்கிறார். பாருங்கள்.

ஏரிப் படத்தைப் பற்றிக் கேட்ட வாசகருக்கு மட்டும் ஒரு வார்த்தை: காலடியில் முந்தானையோடு நீண்டு கிடப்பது என் அண்ணன் இல்லை.