வராத பாம்பு

சவுரிராயன் மாமா ஒரு படத்தையும் முழுதாக உட்கார்ந்து பார்த்ததில்லை. உட்காரும் குணம் அவருக்கு இல்லை, வேலையும் விடவில்லை. சுப்பராயலு முதலாளிக்கு விழுப்புரத்தில் ஒரு கொட்டகை, திண்டிவனத்தில் ஒரு கொட்டகை. இங்கே ஓடி முடிந்த படப்பெட்டி ரயிலேறி அங்கே போகும். பெட்டிக்கு முன்பே மாமா போய்விடுவார். மாட்டு வண்டியின் இரண்டு பக்கமும் போஸ்டர் ஒட்டிய தட்டி, முன்னால் மேளம், மாமாவின் கையில், வாயில் வைத்துக் கத்தும் தகரக் குழல். ரோஸ் நிற நோட்டீசை வீசிக்கொண்டே தெருத்தெருவாகக் கதை சொல்வார்.

பார்க்காத படத்தின் கதையை எப்படிச் சொன்னார்? போஸ்டரைப் பார்த்துத்தான். கத்தி வரைந்திருந்தால் சண்டை. தொட்டில் இருந்தால் பிள்ளை தொலைந்துபோகும், கடைசியில் கிடைக்கும். பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

என் அப்பா மாசிலாமணி விழுப்புரம் கொட்டகையில் ஆபரேட்டர். மாமா உறவில்லை, பக்கத்து வீடு. அவர்கள் மாதா கோயில், நாங்கள் மாரியம்மன் கோயில். இரண்டு வீட்டுக்கும் நிலம் கிடையாது. கொட்டகைதான் சோறு போட்டது.

ஐம்பத்தாறு வாக்கில் ஒரு படம் வந்தது. போஸ்டரில் கதாநாயகி புற்றுக்குப் பால் வார்க்கிறாள். பின்னால் படமெடுத்த நாகத்தின் நிழல். மாமாவுக்கு அது போதும். வளவனூர் வரைக்கும் வண்டியை ஓட்டிப் போய்க் குழலை எடுத்தார்.

"திருடிக்கினு போன தாலியை, புத்துலேர்ந்து வந்த நாகம் வாயில கவ்விக்கினு வந்து அம்மா கைல குடுக்குற கட்டம். பாத்தா அழுவீங்க. பாக்கலன்னா வருத்தப்படுவீங்க."

ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சிக்கு வளவனூரிலிருந்து பெண்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். படத்தில் புற்று வந்தது, பால் வந்தது, பாட்டும் வந்தது. தாலியைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் போலீஸ்காரர். விளக்கைப் போட்டபின் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

தரை டிக்கெட்டிலிருந்து காந்திமதி என்ற வளவனூர்க்காரம்மா எழுந்து ஆபரேட்டர் அறையை அண்ணாந்து பார்த்தார்.

"யோவ் ஆபரேட்டரு, பாம்பு எங்கய்யா?"

"ரீலைக் கட் பண்ணிட்டான்" என்றது ஆண்கள் பக்கம். "ஜல்தியா ஊட்டுக்குப் போவணும் அவனுக்கு."

"பொண்டாட்டிக்குப் பயந்தவன் போல. பாம்பை முழுங்கிட்டான்."

அந்தக் காலத்தில் அப்படி நினைப்பதுதான் இயல்பு. படம் நீளமாக இருந்தால் ஆபரேட்டர்கள் ஒரு ரீலைத் தாண்டிவிடுவார்கள். ஜனங்களுக்கும் அது தெரியும். படம் எங்கே குதித்தாலும் விசில் அடிப்பார்கள். போஸ்டரில் இருந்த பாம்பு திரையில் இல்லை என்றால், அது ஆபரேட்டரின் கையில்தான் போயிருக்க வேண்டும். குழல்காரர் அதைக் கற்பனையாகச் சொல்லியிருப்பார் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

நான் பின்னாளில் அப்பாவிடம் கேட்டேன். "கட் பண்ணதே இல்லியாப்பா?"

"வேற படத்துல பண்ணியிருக்கேன். இதுல இல்ல" என்றார்.

எங்கள் தெருவில் முதலில் பி.ஏ. முடித்தவள் நான். அந்தப் பதிலை எங்கே வைப்பது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

அன்று கொட்டகையில் பெஞ்சுகள் உடைந்தன. முதலாளி அப்பாவைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார். திண்டிவனத்திலிருந்து திரும்பிய மாமா ஸ்டேஷனிலேயே விஷயத்தைக் கேள்விப்பட்டு நேராகக் கொட்டகைக்கு ஓடினார்.

"பாம்புக் கதைய உட்டவன் நான் மொதலாளி. மாசிலாமணி மேல தப்பில்ல."

"தெரியும்டா. நானும்தான் படம் பாத்தேன்" என்றார் முதலாளி. "ஆனா ஜனம் அவனைத்தான் சொல்லுது. சரி, அவன் இருக்கட்டும். நீ திண்டிவனத்துல ஒண்ணு சொல்லு. விழுப்புரத்துல விட்டுப்போன பாம்புக் கட்டம் இங்க சேர்த்துக் காட்டப்படும்னு சொல்லு. கொட்டாய் நெறஞ்சிடும்."

"சேர்த்துக் காட்ட எங்க இருக்குது?"

"உள்ள வந்தப்புறம் கேக்கட்டும். அதுவரைக்கும் நீ சொல்லு."

மாமா அன்று எங்கள் வீட்டுக்கு வந்து உட்காராமல் வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டிருந்தாராம். முதலாளி சொன்னபடி சொன்னால் இரண்டு பேருக்கும் வேலை நிலைக்கும். ஆனால் மாசிலாமணிதான் ரீலை வெட்டினான் என்று அவருடைய வாயே ஊருக்குச் சொன்னதாகிவிடும்.

"சொல்லிட்டுப் போய்யா. பேரை வெச்சிக்கினு நான் இன்னா பண்றது" என்றார் அப்பா.

"வேற யாராச்சும் சொல்லட்டும். என் வாயால வராது."

திண்டிவனம் கடைத்தெருவில் மாமா குழலை எடுத்தார். "புத்து இருக்குது, பாட்டு நல்லாருக்குது. பாம்பு இல்ல. பாம்புக்காக வராதீங்க." மேளக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாராம். மறுநாள் வண்டி வேறு ஆளிடம் போனது. அப்பாவை மட்டும் முதலாளி விலக்கவில்லை.

மாமா விழுப்புரம் ஜங்ஷனில் வறுத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்கத் தொடங்கினார். ஒரு பிளாட்பாரத்தில் நிற்கமாட்டார். எந்த வண்டி வந்தாலும் அங்கே இருப்பார். "சூடா இருக்குதா" என்று கேட்டால், "காலைல வறுத்தது, ஆறிப்போச்சு" என்பார். பாதிப் பேர் வாங்கமாட்டார்கள். பொய் சொல்லாமல் இருப்பது அவருக்கு நிம்மதி தந்ததா என்று பலமுறை அவர் முகத்தில் தேடியிருக்கிறேன். பரபரப்புதான் தெரிந்தது.

போன வருஷம் ஒருநாள் அவர் பாண்டிச்சேரி வண்டியில் விற்க நின்றபோது நானும் அவரோடு நின்றேன். வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு வயதான அம்மா அவரை உற்றுப் பார்த்தார்.

"வளவனூருக்கு வண்டில வந்து கத்துவியே, அந்த ஆளு இல்ல நீ? நான் காந்திமதி. பாம்பு கேட்டு சண்ட போட்டேனே."

மாமாவின் கை கூடைக்குள் நின்றது.

"எவ்ளோ அழகா சொன்ன. அந்த ஆபரேட்டரு கட் பண்ணிட்டானே, பாவி. எங்க நாத்தனா கடலூர்ல முழுசா பாத்துட்டு வந்தா. நாகம் தாலியை அப்படியே கவ்விக்கினு வந்துச்சாம்."

"அம்மா, பாம்பே கிடையாதும்மா. நான் உட்ட கதை அது."

காந்திமதியம்மா சிரித்தார். "நீ நல்ல மனுசன்யா. கூட வேல செஞ்சவனைக் காட்டிக் குடுக்க மாட்ட."

வண்டி நகர்ந்தது. மாமா கூடையை என் கையில் திணித்துவிட்டு அந்த ஜன்னலோடு நடந்தார். பிறகு ஓடினார். "இல்லம்மா, கேளு, படத்துலயே பாம்பு இல்ல. மாசிலாமணி ஒண்ணும் வெட்டல." தகரக் குழல் இல்லாமலே அந்தக் குரல் பிளாட்பாரம் முழுக்கக் கேட்டது. மற்ற ஜன்னல்களில் தலைகள் எட்டிப் பார்த்தன. காந்திமதியம்மா புரிந்ததுபோலத் தலையாட்டிக்கொண்டே போனார்.

பிளாட்பாரம் முடிந்த இடத்தில் மாமா நின்றார். அதற்குள் சென்னை வண்டி மறுபக்கம் வந்துவிட்டது.