வீட்டுக்குள் ஒரு பாத்தி

என் மனைவிக்குக் கர்ப்பப்பையை எடுத்தபோது, மூன்று மாதம் கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவர் அறையைவிட்டு வெளியே போனதும் அவள் கேட்ட முதல் கேள்வி, மீன் தொட்டிக்கு இனி யார் தண்ணீர் மாற்றுவது என்பதுதான். நான் மாற்றுகிறேன் என்றேன். ஒரு பார்வை பார்த்தாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆஸ்பத்திரி ஆயிற்றே என்று அடக்கிக்கொண்டேன். ஏற்கெனவே வேறொரு கோபமும் உள்ளே கிடந்தது. ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்ற விஷயமே அவளுடைய தங்கை புருஷன் போனில் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

தொட்டி எங்கள் முன்னறையில் இருக்கிறது, மூன்றடி நீளம். அதில் ஒரு ஜோடி கோமாளி மீன்கள், ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்டவை. பண்ணையிலிருந்து விரல்நகம் அளவுக் குஞ்சுகளாக வாங்கி வந்து ஐந்து வருஷமாக வளர்க்கிறாள். கோபமோ சந்தோஷமோ, அவள் போய் உட்காருவது அந்தத் தொட்டிக்கு முன்னால்தான். தையல் பிரித்த பிறகு அவளை நாசரேத்தில் தங்கை வீட்டில் விட்டுவிட்டுப் புறப்படும்போது, "நான் வாரப்போ ரெண்டும் இருக்கணும்" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை.

நான் தூத்துக்குடியில் உப்பளத்தில் மேற்பார்வை வேலை பார்ப்பவன். முப்பது வருஷமாகக் கடல்தண்ணீரோடுதான் பிழைப்பு. ஒரு தொட்டிக்குத் தண்ணீர் மாற்றுவது என்ன பெரிய வித்தையா என்று நினைத்தேன்.

சனிக்கிழமை மதியம் எங்கள் தெருவிலுள்ள படகுக்காரர் இரண்டு கேன் கடல்தண்ணீர் கொண்டுவந்து போடுவார். துறைமுகத்துப் பக்கம் எண்ணெய் மினுங்கும் என்பதால் தள்ளிப் போய் எடுத்த தண்ணீர். அதை டிரம்மில் ஊற்றிக் காற்றுக்குழாய் போட்டு வைத்துவிட்டு, ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் வேலையைத் தொடங்க வேண்டும். ஒரு டியூபைத் தொட்டிக்குள் விட்டு மறுமுனையை வாயால் உறிஞ்சினால், மணலில் கிடக்கும் அழுக்கோடு தண்ணீர் வாளியில் இறங்கும். கால் பங்கு இறங்கியதும் டியூபை எடுத்துவிட்டு, டிரம் தண்ணீரை மெதுவாக ஊற்ற வேண்டும். முதல் வாரம் ஒரு மடக்கு மீன் கழிவை விழுங்கித் தொலைத்தேன். மூன்றாவது வாரம் அந்த வேலை எனக்குப் பிடித்துவிட்டது என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். புதுத் தண்ணீர் விழும் இடத்துக்கு வந்து இரண்டும் துள்ளும். சட்டை நனைய நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். டீ ஆறிப்போகும்.

இதற்கு நடுவே, நம்மூர் வெயிலுக்கும் ஃபேனுக்கும் தொட்டியில் தினமும் அரை விரல் தண்ணீர் குறையும். டிரம்மிலிருந்து இரண்டு மூன்று குவளை மொண்டு ஊற்றி மட்டம் சரிசெய்துவிடுவேன். கடல் மீனுக்குக் கடல்தண்ணீர், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஒரு நாள் சாயங்காலம் வீடியோவில் அவளுக்கு மீனைக் காட்டிக்கொண்டே ஊற்றினேன். "அந்தத் தண்ணியவா..." என்று ஆரம்பித்தாள். தண்ணீரைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம், பேசாமல் படுத்து உடம்பைத் தேற்று என்று வெட்டிவிட்டேன். சரி என்று போனை வைத்துவிட்டாள்.

இரண்டு நாளில் மீன்கள் மந்தமாயின. போட்ட தீனி அப்படியே கிடந்தது. பெரியது ஒரு மூலையில் ஒதுங்கி மூச்சு வாங்கியது. இவளிடம் என்ன பதில் சொல்வேன் என்று தொட்டியையே சுற்றிச் சுற்றி வந்தேன்.

மறுநாள் உப்பளத்தில் டீ நேரத்தில், உப்பு வாரும் அக்கா ஒருத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எங்கள் மாதா கோவிலுக்கு வருகிறவள், என் மனைவிக்குப் பழக்கம். மனைவியின் உடம்பு எப்படி என்று விசாரித்துவிட்டு மீனையும் விசாரித்தாள். சரியில்லை என்றேன். தண்ணீர் குறைந்தால் எதை ஊற்றுகிறேன் என்று கேட்டாள். சொன்னேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எங்கள் உப்புப் பாத்திகளைக் கையால் காட்டினாள்.

"அண்ணாச்சி, வீட்டுலயும் ஒரு பாத்தி கெட்டிட்டியளா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்துத் தள்ளினார்கள். எனக்கு முகம் எரிந்தது, ஆனாலும் சிரிப்பும் வந்துவிட்டது. பாத்தியில் தண்ணீர் வற்றும், உப்பு வற்றாது. மேலே மேலே கடல்தண்ணீர் விட்டால் உப்பு ஏறிக்கொண்டே போகும். முப்பது வருஷமாக இதற்குத்தானே சம்பளம் வாங்குகிறேன்.

தண்ணீரில் உப்பின் டிகிரி பார்க்கும் கண்ணாடிக் குழலைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கடல்தண்ணீர் மூன்றரை டிகிரி நிற்கும். தொட்டியில் நாலரையைத் தாண்டி நின்றது. பாவம், அந்த ஜீவன்களை உப்பு விளையும் இருபத்தைந்து டிகிரி வரைக்கும் கொண்டுபோய் உப்பாகவே எடுத்திருப்பேன். ஒரேயடியாகக் குறைத்தாலும் செத்துப்போகும் என்று படகுக்காரர் சொன்னார். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரை எடுத்துவிட்டு, அதே அளவு உப்பில்லாத நல்ல தண்ணீரை விட்டேன், வற்றிய மட்டத்துக்கும் அதுவே. காலையில் ஒன்றரைக் குவளை, சாயங்காலம் ஒன்றரைக் குவளை. ஒவ்வொரு தடவையும் குழலை மிதக்கவிட்டுப் பார்த்தேன். பத்தாவது நாள் பெரியது மேலே வந்து தீனியைக் கவ்வியது. மாதாவே என்று தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நாசரேத்தில் விட்ட நாற்பதாவது நாள் அவளை அழைத்து வந்தேன். உள்ளே நுழைந்ததும் தொட்டிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். இரண்டும் கண்ணாடிக்கு ஓடி வந்தன. அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு மறைக்க மனம் வரவில்லை. நடந்ததை எல்லாம் சொன்னேன்.

"தெரியும்" என்றாள். "அந்த அக்காட்ட சொல்லி உங்ககிட்ட கேக்கச் சொன்னதே நாந்தான்."

என்னிடமே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துதான் இருந்தது.

"நான் சொன்னா சண்ட. அவ சொன்னா சிரிச்சிருவிய. எனக்கு மீன் பிழைக்கணும், அவ்வளவுதான்." இதைக் கோபமில்லாமல், தொட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

தங்கை புருஷன் போன் செய்த அந்த நாள் ஞாபகம் வந்தது. ஒரு வருஷமாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறாள். அதையும் இன்னொருவர் வாயால்தான் எனக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து தண்ணீர் மாற்றினேன். அவள் நாற்காலியில் இருந்தாள். கால் பங்கு இறங்கியதும் டிரம்மிலிருந்து மொண்டு ஊற்ற ஆரம்பித்தேன். அவள் என்னவோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள். நானும் குவளையை நிறுத்தினேன்.

"சொல்லு" என்றேன்.

"மணல் கெளம்புது. இன்னும் மெதுவா ஊத்துங்க."

மெதுவாக ஊற்றினேன்.